தன் தீனிக்குத் தானே

முதலியார்பேட்டை, புதுச்சேரி
18.6.2023

அன்பு மனைவி கமலவேணிக்கு ஆதிமூலம் எழுதிக்கொள்வது.

நீ மஸ்கட் போய்ச் சேர்ந்த சேதியை அடுத்த வீட்டு ஹேமலதா தன் போனில் உன் முகத்தோடு காட்டினாள். உன் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆங், சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்று தலையாட்டினேன். ஹேமலதா சிரித்துவிட்டு என் காதோரம் வந்து, "பெரிப்பா, சாப்பாட்டப் பத்திக் கேக்கல. ரேஷன் கார்டு எங்க இருக்குன்னு கேக்கறாங்க பெரிம்மா" என்று கத்தினாள். அதனால்தான் இந்தக் கடிதம். மில்லில் முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்குக் கொடுத்த காது இனி போனுக்கு உதவாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நாம் பிரிந்திருந்தால்தானே எழுத.

வீட்டுக் கதவுக்கு இப்போது தாழ் போடுவதில்லை. யார் தட்டினாலும் எனக்குக் கேட்காது, நீதான் போய்த் திறப்பாய். இப்போது திறந்தே கிடக்கிறது. பால்காரர் நேராக அடுப்படி வரைக்கும் வந்து பாலை வைத்துவிட்டுப் போகிறார்.

பஸ் ஏறும் முன்பு நீ சொன்னது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. "நான் அனுப்பற காசுல கோழிக்கு ஒரு பிடி குருணகூட வாங்கக் கூடாது. அதுங்க தீனிய அதுங்களே சம்பாதிக்கட்டும்." பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நீ சொன்னதில் தப்பில்லை. மில் மூடிய பிறகு பொழுது போகாமல் நான் பிடித்துவந்த கோழிகள், கோரிமேட்டு ஆஸ்பத்திரி வார்டில் நீ நின்று வாங்கிய சம்பளத்தைத்தான் மூன்று வருஷமாகத் தின்றன.

இப்போது பதினான்கு பெட்டை, இரண்டு சேவல். உன் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிவதற்குள் இவை தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறேன். பிறகு நீ கடல் தாண்டி இருக்க வேண்டியதில்லை. யோசனை இருந்தால் எழுது. நம் இரண்டு பேரில் உனக்குத்தான் அந்த மூளை.

உன்,
ஆதிமூலம்

*

மஸ்கட்
16.7.2023

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இருபத்தைந்து நாள் கழித்து டாக்டரம்மாவின் கிளினிக் பெட்டிக்கு வந்தது. டாக்டர் சரிதா அதை என்னிடம் கொடுத்தபோது, ஏதோ துக்கச் செய்தியோ என்று பயந்துவிட்டேன். உங்கள் எழுத்து இப்படி உருண்டையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் நன்றாக இருக்கிறேன். டாக்டரம்மாவின் தாயார் ராஜாம்பாள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வாதம் வந்து வலப் பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். நான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கோழி என்ன தின்கிறது என்று மூன்று முறை ஹேமலதாவிடம் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். நீங்கள் என்ன தின்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. வெறும் பாலும் ரொட்டியும்தானே?

யோசனை கேட்டீர்கள். கடைத் தீவன மூட்டையைப் பாதியாகக் குறையுங்கள். பெரிய மார்க்கெட்டில் பதினோரு மணிக்குப் பிறகு முட்டைக்கோஸ் மேல் இலையும் கீரைத் தண்டும் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். டீக்கடைக்காரர் நாட்டு முட்டையை வாங்கும் விலைக்குக் கொடுக்காதீர்கள், அவர் உங்கள் காது கேட்காததை வைத்துக் குறைத்துக் கேட்கிறார். எல்லா முட்டையையும் விற்காதீர்கள். அடைக்கு வைத்துக் குஞ்சாக வளர்த்தால்தான் கையில் ஏதாவது நிற்கும்.

கதவுக்குத் தாழ் போடுங்கள்.

என்றும் உங்கள்,
கமலா

*

முதலியார்பேட்டை
24.9.2023

அன்பு கமலாவுக்கு,

நீ எழுதியபடியே செய்கிறேன். மார்க்கெட்டில் கீரைக்காரம்மா எனக்கென்று ஒரு சாக்கு எடுத்து வைக்கிறாள். நான் காலையில் கஞ்சி, மதியம் சோறு ரசம். கோபித்துக்கொள்ளாதே.

இங்கே ஒரு வழக்கு நடந்தது. ஹேமலதாவின் மாமனார் கலியமூர்த்தி அண்ணன், நம் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், காலையில் முகம் சிவந்து வந்து நின்றார். என்னவோ சத்தம் போட்டார். எனக்குப் புரியவில்லை என்றதும் உள்ளே போய் நோட்டு எடுத்துவந்து எழுதிக் காட்டினார். 'உன் சேவல்கள் மூன்றரை மணிக்குக் கூவுகின்றன. மூன்று மாதமாக எனக்குத் தூக்கமில்லை. முனிசிபாலிட்டிக்கு எழுதப் போகிறேன்.'

"கூவுதா?" என்றேன். நான் நிஜமாகவே கேட்டேன் கமலா. சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறப்பதைப் பகலில் பார்க்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் கூவும் என்று தோன்றவே இல்லை. அவருடைய கோபம் போய்விட்டது. நோட்டில், 'நீ வருஷக்கணக்கில் கேட்கவே இல்லையா?' என்று எழுதினார்.

ஒரு சேவலைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றைச் சாயங்காலமே தாழ்வான மரப்பெட்டியில் அடைக்கிறேன். தலை நிமிர இடமில்லாவிட்டால் அது உரக்கக் கூவாதாம், அண்ணன்தான் சொன்னார். பட்டாளத்தில் எங்கே கற்றாரோ. அவரே என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்குப் போனார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு நாட்டு முட்டைதான் வேண்டுமாம். வாரம் ஒரு அட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், டீக்கடை விலையைப்போல ஒன்றரைப் பங்கு.

மூன்று பெட்டை அடையில் இருக்கின்றன. எல்லாம் கூடி வருகிறது. நீ இருந்தால் இப்போது என்னைத் திட்டிக்கொண்டே சிரிப்பாய்.

உன்,
ஆதிமூலம்

*

முதலியார்பேட்டை
12.12.2023

கமலாவுக்கு,

ஹேமலதா சொல்லியிருப்பாள். மழை ஓய்ந்த வாரத்தில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. நான்கு பெட்டையும் ஒரு சேவலும் மிச்சம். குஞ்சுகள் ஒன்றுகூட இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் அதன் மூக்கைப் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேரே நிதானமாகச் சொன்னார். "நாலு நாளாவே கொர்ரு கொர்ருன்னு இழுத்திருக்குமேய்யா. அப்பவே மத்ததப் பிரிச்சு வச்சிருந்தா பாதியாவது தங்கியிருக்கும். சத்தம் கேக்கல?"

கேட்கவில்லை. கூண்டுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். என் கண்ணுக்கு அவை நன்றாகத்தான் இருந்தன.

பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். கலியமூர்த்தி அண்ணன் மண்வெட்டி பிடித்தார்.

இனி வேண்டாம் என்று தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்.

ஆதிமூலம்

*

மஸ்கட்
5.1.2024

அன்பு மாமாவுக்கு,

கடிதம் வந்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்தக் கோழிகளை எத்தனை முறை திட்டியிருக்கிறேன், ஆனால் கழுத்தில் மயிர் இல்லாத அந்தச் செவலைப் பெட்டை சமையலறைக்குள் வந்து என் காலைச் சுற்றும். அதுவும் போய்விட்டதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

விட்டுவிடாதீர்கள். நான்கு பெட்டை போதும். தடுப்பு மருந்து நாள் தவறாமல் போடுங்கள். காலண்டரில் நானே குறித்து அனுப்பலாம் என்று இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. ஆறு வருஷம் முன்பு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, லீவு போட்டு, உங்களைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். "காதுல மிஷின மாட்டிக்கினு திரிய நான் என்னா கெழவனா" என்று வாசலிலிருந்தே திரும்பிவிட்டீர்கள். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

ராஜாம்பாள் அம்மா இடக் கையால் ஸ்பூன் பிடிக்கிறார்.

உங்கள்,
கமலா

*

முதலியார்பேட்டை
25.8.2024

என் அன்பு கமலாவுக்கு,

ஏழு மாதமாக நான் சரியாக எழுதவில்லை என்று உனக்கு வருத்தம் என ஹேமலதா சொன்னாள். நல்ல சேதி இல்லாமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போது இருக்கிறது.

செவலை சாகவில்லை. மிச்சமான நான்கில் அதுவும் ஒன்று. பதினொரு குஞ்சு பொரித்து, பதினொன்றையும் காப்பாற்றியது. மற்றவையும் மாறி மாறி அடை உட்கார்ந்தன. உன் தாள் சுவரில் இருக்கிறது, ஒரு தேதிகூடத் தவறவில்லை. ஒரு மாதக் குஞ்சுகளை மொட்டைமாடியில் வளர்க்கிறவர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். கோழி எருவைக்கூட மாடித்தோட்டக்காரர்கள் மூட்டையாகக் கேட்கிறார்கள், நான் அதைப் பிள்ளையார் கோயில் பக்கம் சும்மா கொட்டிக்கொண்டிருந்தேன். விடுதிக்கு முட்டை நிற்காமல் போகிறது.

ஆனியிலும் ஆடியிலும் தீவனம், மருந்து, கூண்டுக்கு வலை, எல்லாம் அவற்றின் வரும்படியிலேயே முடிந்தது. உன் பணத்தில் ஒரு பைசா தொடவில்லை. மீதியும் நிற்கிறது. பாங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கலியமூர்த்தி அண்ணன் வீட்டுக்கே போய்க் காட்டினேன். "த்ரே பியான்" என்று தோளில் தட்டினார். பலே என்று அர்த்தமாம்.

ஆகவே கமலா, ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் நீ வந்துவிடலாம். இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது.

சாயங்காலம் ஏழரைக்குக் கோரிமேட்டு பஸ் இன்னும் நம் நிறுத்தத்தில் நிற்கிறது. வேலை முடிந்து நீ இறங்குவாயே, அதே பஸ். கூண்டை மூடிவிட்டு அந்த நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன். யார் யாரோ இறங்குவார்கள். பஸ் போன பிறகு உள்ளே வருவேன். இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

உன்,
ஆதிமூலம்

*

மஸ்கட்
6.10.2024

அன்பு மாமாவுக்கு,

சந்தோஷமாக இருந்தது. ராஜாம்பாள் அம்மாவுக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், செவலை பிழைத்த இடத்தில் அவர் இடக் கையால் கட்டிலைத் தட்டினார்.

பஸ் விஷயம் எழுதிய பக்கத்தை மட்டும் படித்துக் காட்டவில்லை. அதை நான் தனியாக வைத்துக்கொண்டேன்.

மாமா, இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். நான் இங்கே வந்தது கோழித் தீவனத்துக்காக மட்டும் இல்லை. பதினைந்து வருஷமாக உங்களிடம் கத்தித்தான் பேசினேன். உப்புப் போதுமா என்பதையும் கத்தித்தான் கேட்டேன். தெருவில் எனக்கு வாயாடி என்று பேர். கத்திச் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லாமலே விட்டேன். வயிற்றில் கட்டி எடுத்தார்களே, அந்த ஆப்பரேஷனுக்கு முதல் நாள் உங்களிடம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல வந்தேன். மெதுவாகச் சொன்னேன். நீங்கள் "ஆங், சரி சரி" என்றீர்கள். அதைத் தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

இங்கே வந்து ஒரு மாதத்தில் என் குரல் தாழ்ந்துவிட்டது. ராஜாம்பாள் அம்மாவிடம் கத்தத் தேவையில்லை. ஒரு நாள் டாக்டரம்மா, "ஒங்க கொரலு ரொம்ப மிருதுவா இருக்கு கமலாக்கா" என்றார். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். என் குரலே எனக்கு மறந்துபோயிருந்தது.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வந்து மறுபடியும் கத்த வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. உங்கள்மேல் குறை இல்லை. மில் செய்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பியது மில் இல்லை, நீங்கள்.

மழைக்கு முன் கூண்டு ஓட்டைச் சரி பாருங்கள்.

கமலா

*

முதலியார்பேட்டை
19.1.2025

கமலாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு கோரிமேடு போனேன். நீ வேலை செய்த வார்டு வழியாகத்தான் காது டாக்டர் அறைக்குப் போக வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. உன் கூட வேலை செய்த ஆயம்மா ஒருத்தியாம், அவள் என்னை அடையாளம் கண்டு வரிசையில் முன்னால் நிறுத்தினாள்.

கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் குஞ்சுகளும் ஆறு சேவலும் விற்ற பணத்தோடு மீதியையும் சேர்த்து மிஷின் வாங்கிவிட்டேன். இரண்டு காதுக்கும். ஆக, கோழிகள் தங்கள் தீனி போக என் காதையும் சம்பாதித்துவிட்டன.

மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தட்டை வைத்தால் இடி விழுகிறது. மின்விசிறி மில் மாதிரி ஓடுகிறது. ஆட்கள் பேசுவது கடைசியில்தான் விளங்குமாம், பழக வேண்டுமாம். ஆண் குரல் கொஞ்சம் பிடிபடுகிறது. பெண் குரல் சிதறுகிறது. தினம் ஒரு மணி நேரம் ஹேமலதா பேப்பர் படிக்கிறாள், நான் திருப்பிச் சொல்கிறேன். முதல் வாரம் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோழிகள் இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. கூண்டைத் திறந்தால் ஒரு பேச்சு, பருந்தைக் கண்டால் ஒரு பேச்சு. அடைக்கோழி முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சோடு முனகிக்கொண்டே இருக்கிறது. குஞ்சும் உள்ளிருந்து பதில் சொல்கிறது. ஐந்து வருஷமாக அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

நீ பயமாக இருக்கிறது என்று சொன்ன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் முகம் ஞாபகம் இருக்கிறது. பசிக்கிறது என்கிறாயோ என்று நினைத்துக் கடைக்குப் போய் பன் வாங்கிவந்தேன்.

ஹேமலதா தன் பழைய போன் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். எனக்கு இன்னும் ஒரு மாதம் கொடு. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடு.

ஆதிமூலம்

*

மஸ்கட்
16.3.2025

அன்பு மாமாவுக்கு,

முந்தா நாள் போனில் நாம் பேசியது ஆறு நிமிஷம். இதுவரை நாம் போனில் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

பன் வாங்கிவந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த மனுஷனுக்கு நெஞ்சே இல்லையா என்று அன்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பை எடுத்துவிட்டேன். காது மிஷின் வாங்கியதற்கு நான் எப்படிச் சந்தோஷப்பட்டேன் என்று போனிலும் சொன்னேன்.

ஆனால் ஒரு விஷயம். கடைசியில் நான் ஒன்று சொன்னேன், நீங்கள் "சரி, சரி" என்றீர்கள். ஒன்றும் விளங்காதபோதும் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். அதனால் அது உங்களுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பு.

மறுபடி எழுதுகிறேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ராஜாம்பாள் அம்மா இப்போது அரை வாக்கியம் பேசுகிறார், பாதியில் விட்டுவர முடியவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, எனக்கே இருக்க வேண்டும்போல இருக்கிறது. என் அறை, என் சம்பளம், வெள்ளிக்கிழமை கடற்கரை. உங்கள் காது கேட்காததால் இல்லை. கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஜூனில் ஒரு மாதம் லீவு உண்டு, வருவேன்.

கேட்டதா, மாமா?

கமலா

*

முதலியார்பேட்டை
10.4.2025

அன்பு கமலாவுக்கு,

கேட்டது.

போனில் நீ பேசியதில் முக்கால்வாசி கரகரவென்றுதான் இருந்தது. ஜூனில் லீவு என்றது விளங்கவில்லை, கடிதத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாயே, அது ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் எனக்குக் கேட்காதது நிறைய. ஆனால் சிலது கேட்டும் இருக்கிறது. பிடிக்காத பேச்சு வந்தால் கேட்காதவனாக இருந்துவிடுவேன். அது வசதி. நீ கத்துவாய், நான் தவிடு பிசைவேன். அன்றைக்குப் போனிலும் அப்படி இருந்திருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, "என்னா சொன்ன, கேக்கல" என்று. நீ இன்னொரு முறை சொல்லத் தயங்கியிருப்பாய். விட்டிருப்பாய். அதனால்தான் உடனே சரி என்றேன். இரண்டு முறை சொன்னது, முதல் சரி தொண்டையில் சிக்கிக்கொண்டதால்.

சரி என்றால் எனக்குச் சந்தோஷம் என்று அர்த்தமில்லை. போனை வைத்த பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிஷினைக் கழற்றவில்லை. உனக்கு அங்கே ஒரு இடம் கிடைத்திருக்கிறது. இங்கே உன் இடம் அப்படியே இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

நேற்று ஒன்பது குஞ்சு பொரித்தது. முட்டை வாங்க ஒருவர் வந்து தாழ் போட்ட கதவைத் தட்டினார், நான் போய்த் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை உன் நேரம் ஆறு மணிக்கு, இங்கே ஏழரைக்கு, கூப்பிடு. ஹேமலதாவை நான் கூப்பிடப் போவதில்லை, நான் மட்டும்தான் இருப்பேன். நீ மெதுவாகவே பேசு. புரியாத இடத்தில் திரும்பக் கேட்கிறேன்.

உன்,
ஆதிமூலம்